கடல்நீர் மீன்தொட்டி: பாறையும் மீனும் தேர்ந்தெடுத்தல்

கடல் மீன்களையும் பிற கடலுயிர்களையும் உப்புநீரில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி கடல்நீர் மீன்தொட்டி. புதிதாகத் தொடங்குபவருக்கு 200 லிட்டர் கொள்ளும் தொட்டி வசதியானது. அதைவிடச் சிறியதில் வெப்பமும் உப்பின் அளவும் சட்டென்று மாறிவிடும். ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ், பிஎச் 8.1 முதல் 8.4 வரை என்பவை பொதுவான இலக்குகள். தமிழகக் கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மீனைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பெரும்பாலோர் தொட்டி வாங்குகிறார்கள். ஆனால் முதலில் உள்ளே போக வேண்டியது பாறை. எந்த மீன், எத்தனை மீன் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாறை

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. மூடிய தொட்டியில் அது சிறிதளவு சேர்ந்தாலே மீன் செத்துப்போகும். பாறையின் மேல் படர்ந்திருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டால் மீனுக்கு உடனடி ஆபத்து இல்லை. நுண்துளைகள் நிறைந்த பாறையாக இருந்தால், ஆக்சிஜன் எட்டாத அதன் உட்புறத்தில் வேறு பாக்டீரியாக்கள் குடியேறி, நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். தொட்டியின் வடிகட்டி என்று சொல்லத்தக்கது இந்தப் பாறைதான். மோட்டாரும் பஞ்சும் துணைக்கருவிகள்.

இந்த வழியில் தொட்டியை நடத்தலாம் என்பதை இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதி உலகுக்குத் தெரியப்படுத்தினார். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, இயற்கைக் கடல்நீர், காற்றுக்குமிழி, வெளிச்சம் ஆகியவற்றை வைத்தே அவர் தொட்டியை நடத்தினார். பின்னாளில் பெர்லின் வளர்ப்பாளர்கள், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் வலுவான விளக்கையும் சேர்த்து அதை ஒரு முறையாக வளர்த்தெடுத்தார்கள்.

லைவ் ராக் எனப்படும் உயிர்ப்பாறை, இறந்த பவளங்களின் சுண்ணாம்புக்கூடு. பாக்டீரியாவும், ஊதா நிறத்தில் படரும் சுண்ணாம்புப் பாசியும், புழுக்களும் அதோடு சேர்ந்தே வரும். கூடவே வேண்டாத விருந்தாளிகளும் வருவதுண்டு: பெருகினால் ஒழிப்பதற்குக் கடினமான ஐப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தி, இரவில் மீனை அடித்துத் தின்னும் மாண்டிஸ் இறால்.

இந்தியாவில் இவ்வகைப் பாறையைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் அதற்கு முன்பு சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகள் பெருமளவில் வெட்டியெடுக்கப்பட்டன. அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எனவே, ராமேஸ்வரத்துப் பக்கம் எடுத்த அசல் பாறை என்று யாராவது விற்றால் விலகிவிடுவதே சரி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் இயற்கைப் பாறை எடுக்கத் தடை உண்டு. அங்கே குத்தகைக்கு எடுத்த கடற்பரப்பில் நிலத்துச் சுண்ணாம்புக்கல்லைப் போட்டு, உயிர்கள் படர்ந்தபின் எடுத்து விற்கிறார்கள்.

மீதமிருப்பது உலர் பாறை: நிலத்தில் கிடைக்கும் பழைய பவளச் சுண்ணாம்புக்கல், அல்லது சிமென்ட்டிலோ பீங்கானிலோ வார்த்த செயற்கைக் கல். கையில் எடுத்துப் பார்த்தாலே தரம் ஓரளவு தெரியும். பெரிதாக இருந்தும் கனமில்லாத கல்லில் துளைகள் அதிகம். இரண்டு சொட்டு வினிகர் விட்டால் சுண்ணாம்புக்கல் பொங்கும். கருங்கல் பொங்காது, தண்ணீருக்குக் கெடுதலும் செய்யாது, ஆனால் துளையில்லாததால் பாக்டீரியாவுக்கு இடம் குறைவு. துருக்கோடோ உலோகப் பளபளப்போ தெரியும் கல்லைத் தொடவே வேண்டாம். சில உலர் பாறைகள் மாதக்கணக்கில் பாஸ்பேட்டைக் கசியவிட்டுப் பாசியை வளர்க்கும். வாளியில் ஊறவைத்துத் தண்ணீரைச் சோதித்தபின் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும்.

200 லிட்டருக்கு 20 முதல் 25 கிலோ என்பது பழைய கணக்கு. துளைகள் மிகுந்த கல்லாக இருந்தால் அதில் பாதியே போதும் என்பது இன்றைய போக்கு. சுவர் எழுப்புவதுபோல் பின்பக்கக் கண்ணாடியோடு ஒட்டி அடுக்கினால் தண்ணீர் ஓட்டம் தடைபட்டு இடுக்குகளில் அழுக்கு சேரும். மணலைக் கொட்டுவதற்கு முன்பே பாறையை அடிக்கண்ணாடியில் நிலையாக ஊன்ற வேண்டும். மணலின் மேல் வைத்தால், குழி தோண்டும் மீனோ இறாலோ அடியைப் பறித்து அடுக்கையே சரித்துவிடும்.

காத்திருப்பு

உலர் பாறையில் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் வரை ஆகும். அம்மோனியம் குளோரைடு கரைசலோ ஒரு துண்டு இறாலோ போட்டு அவற்றுக்கு உணவு தரலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் முழுதாக மறைந்தபிறகே மீன் விட வேண்டும். விலை மலிவு, சாகாது என்று டாம்சல் மீன்களை விட்டுத் தொட்டியைப் பழக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது மீனுக்குக் கொடுமை. பிழைத்துக்கொண்ட டாம்சல், தொட்டி முழுவதும் தனக்கே என்று நினைத்துப் பின்னால் வரும் எல்லாவற்றையும் விரட்டும். பாறையைக் கலைக்காமல் அதைப் பிடிக்கவும் முடியாது. காத்திருக்கும் இந்த நாட்களில் பழுப்பு நிறப் படலம் எல்லாவற்றின் மேலும் படரும். அது டயட்டம் பாசி. பெரும்பாலும் தானாகவே மறையும்.

மீன்

முதல் மீனாகக் கோமாளி மீனை மிஞ்ச எதுவும் இல்லை. சிறியதாக இரண்டு வாங்கினால் பெரியது பெண்ணாகவும் மற்றது ஆணாகவும் ஆகிவிடும். பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறும். கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி அவசியமில்லை. புதிய தொட்டியில் சாமந்தி பிழைப்பதும் அரிது.

மணலை விரும்பும் கோபி மீனையும் சொடுக்கு இறாலையும் சேர்த்து வளர்ப்பது தனிச்சுவை. பார்வை மங்கிய இறால் வளை தோண்டும்போது தன் உணர்கொம்பை மீனின் மேல் வைத்தபடியே இருக்கும். ஆபத்து தெரிந்ததும் மீன் வாலை அசைத்து எச்சரிக்கும். கரீபியனின் ராயல் கிராமா, பாறைக் குகையின் கூரையில் தலைகீழாக மிதக்கும். ஃபயர்ஃபிஷ் சாதுவானது, ஆனால் துள்ளிக் குதிப்பதால் மூடி தேவை. இந்த அளவுத் தொட்டிக்கு ஐந்து, ஆறு சிறு மீன்களுக்கு மேல் போகாமல், சாதுவானதை முதலிலும் சண்டைக்காரனைக் கடைசியிலும் விட வேண்டும்.

அழகில் மயங்கி வாங்கக்கூடாதவையும் உண்டு. நீல டாங் 30 செ.மீ. வரை வளரும், இந்தத் தொட்டியில் அதற்கு நீந்த இடமில்லை. மாண்டரின் மீன் பாறையில் ஊரும் கோப்பிபாடு என்னும் நுண்ணிய உயிர்களை நாள் முழுவதும் மேயும். புதிய பாறையில் அவை இல்லாததால் பட்டினியால் மெலிந்து சாகும். பட்டாம்பூச்சி மீன்களில் பல பவளத்தை மட்டுமே தின்பவை.

எந்த மீனையும் தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்தபிறகே சேர்க்க வேண்டும். கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணியால் வெண்புள்ளி நோய் வந்தால் வழக்கமான மருந்து செம்பு. அதைப் பாறையுள்ள தொட்டியில் ஊற்றினால் சுண்ணாம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். இறாலும் நத்தையும் செத்துவிடும்.

மீன் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய சயனைடு பிடிப்பில் சிக்கிய மீன்கள் கடையில் நன்றாக இருந்துவிட்டுப் பின்னர் இறப்பதுண்டு. சுலாவெசிக்குக் கிழக்கே பங்காய் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழ்ந்த பங்காய் கார்டினல் மீன், வணிகப் பிடிப்பால் குறைந்து 2007இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதன் பண்ணைக் குஞ்சுகள் இப்போது கிடைக்கின்றன. கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கும் நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் உருவாக்கியுள்ளன. பண்ணை மீன் குருணைத் தீவனத்துக்குப் பழகியிருக்கும். கடைக்காரரை ஒரு சிட்டிகை போடச் சொல்லிப் பார்த்து, பாய்ந்து தின்னும் மீனையே வாங்கலாம்.