பனிச்சறுக்கின் ஏழை மூதாதையர்

களுதாவளை, கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட மணற்றரையில் அமைந்த ஊர். பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலைத் தோட்டங்களாலும் பெயர் பெற்றது. மேடு என்று சொல்லத்தக்கது எதுவும் அங்கில்லை. கமுகமடலில் ஒருவர் குந்தியிருக்க மற்றவர் மணலில் இழுத்துச் செல்வதே சிறுவயதில் நாமறிந்த ஒரே சறுக்கு விளையாட்டு. அந்த ஊரிற் பிறந்த நான், சென்ற மாசி மாதத்தில் ஒருநாள், நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பனிச்சறுக்குத் திடலின் அடிவாரத்தில் விறைத்துப்போய் நின்றேன். என் மூத்த அக்காவின் ஏழு வயதுப் பேத்தி சறுக்குவதைப் பார்க்க வேண்டுமென்று அழைத்திருந்தார்கள்.

பெரிய உல்லாசத் தலமன்று. குன்றொன்றின் ஒரு பக்கம் மட்டுமே. தடங்களுக்கு நிறம் குறித்திருந்தார்கள்: புதியவர்களுக்குப் பச்சை, சற்றுப் பழகியவர்களுக்கு நீலம், தேர்ந்தவர்களுக்குச் சிவப்பு, வல்லவர்களுக்குக் கறுப்பு. குழந்தைகளை மேலே கொண்டுசெல்ல, நிலத்தோடு நகரும் பட்டை ஒன்று. சறுக்குக் கட்டை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் வாடகைக்குக் கிடைத்தன. எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் நீலத் தடத்தில் நிதானமாக இறங்கி வந்தார். இளைஞர் சிலர் ஒற்றைப் பலகையில் பக்கவாட்டாகப் பாய்ந்தனர். அந்தப் பலகையின் கதை அண்மைக்காலத்தது. 1965ஆம் ஆண்டு நத்தார் தினத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷேர்மன் பொப்பன் என்பவர் தம் பெண்பிள்ளைகளுக்காக இரு சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். அவ்விளையாட்டு 1998இல் ஜப்பானின் நகானோவில் ஒலிம்பிக்கிலேயே ஏறிவிட்டது.

என்னருகில் அத்தான் நின்றார். எண்பதுகளில் மாணவராக வந்து, வடகோடியான பின்மார்க்கில் மீன் வெட்டிப் பிழைத்து, பின் ஒஸ்லோவுக்கு இறங்கியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒருமுறையேனும் சறுக்குக் கட்டையிற் கால் வைத்ததில்லை. ஏனென்று கேட்டேன். "இது நமக்குரிய விளையாட்டில்ல தம்பி. காசுள்ள வெள்ளைக்காரன்ட விளையாட்டு" என்றார்.

அந்தப் பதில் என்னைத் தைத்தது. வரலாறு வேறுவிதமாகச் சொல்வதை நான் படித்திருந்தேன்.

1206ஆம் ஆண்டின் குளிர்காலம். நோர்வேயில் அரசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு தரப்பினர் காலுறைக்கும் வழியின்றி பேர்ச் மரப்பட்டையைக் காலிற் சுற்றிக்கொண்ட வறியவர். அதனாலேயே 'பேர்க்கபெய்னர்' என்று ஏளனமாக அழைக்கப்பட்டவர். எதிரிகளிடமிருந்து காப்பாற்ற, இளவரசனான ஹோகுன் என்ற கைக்குழந்தையை அவர்களில் இருவர் சுமந்துகொண்டு, லில்லஹாமரிலிருந்து பனிமலை கடந்து சறுக்கிச் சென்றனர். அக்குழந்தை 1217இல் அரசனானது. அந்த நினைவாக 1932 முதல் நடைபெறும் நெடுந்தூரப் போட்டியில் ஒவ்வொருவரும் மூன்றரைக் கிலோ சுமையை முதுகிற் கட்டிக்கொண்டே சறுக்க வேண்டும். அது அந்தக் குழந்தையின் பாரம். உயிர் தப்பி ஓடிய ஒரு பிள்ளையின் கதையே இந்நாட்டின் பெரும் பனிச்சறுக்கு விழாவுக்கு அடிப்படை.

அடுத்தவர் சொண்ட்ரே நோர்ஹெய்ம். 1825இல் டெலிமார்க் பகுதியின் மொர்கெடால் என்ற சிற்றூரிற் பிறந்தவர். சொந்த நிலமற்ற குடியானவர். அக்காலத்துக் கட்டைகளிற் பாதத்தின் முன்பகுதி மட்டுமே பிணைக்கப்பட்டிருந்தது. திரும்பினால் கட்டை கழன்றுவிடும். நோர்ஹெய்ம் இளங்கொம்புகளை முறுக்கிக் குதிகாலையும் சுற்றிக் கட்டினார். கட்டையின் இடைப்பகுதியை ஒடுக்கினார். பாய்வதும் திரும்புவதும் அதனால் எளிதாயின. 1868இல், நாற்பத்திரண்டாம் வயதில், இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவுக்கு வந்து தலைநகரத்தாரை வியக்கவைத்தார். 'ஸ்லாலோம்' என்று உலகம் சொல்லும் சொல்லும் அவரது ஊர்ப் பேச்சிலிருந்து எழுந்ததே. சரிவில் இட்ட தடம் என்பது அதன் பொருள்.

ஆயினும் அந்தப் புகழ் அவருக்குச் சோறு போடவில்லை. 1884இல் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதனையடுத்த சில பத்தாண்டுகளிலும் நோர்வேயை விட்டு அவ்வாறு போனவர்கள் ஏறத்தாழ 8 இலட்சம் பேர். வட டகோட்டாவின் சமவெளியில், சறுக்குவதற்கு மேடேயில்லாத நிலத்தில், 1897இல் நோர்ஹெய்ம் இறந்தார். வாசலில் எப்போதும் ஒரு சோடி சறுக்குக் கட்டையைச் சாத்தி வைத்திருந்தார் என்பார்கள். அவரது கல்லறைக்கு நெடுங்காலம் அடையாளக் கல்லும் இருக்கவில்லை. 1952இல் ஒஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்கின் தீபம் அவரது பழைய குடிசையின் அடுப்பிலிருந்தே ஏற்றப்பட்டது.

மூன்றாமவர் பிரித்யொவ் நன்சன். 1888இல் ஐந்து துணைவருடன் கிரீன்லாந்தைச் சறுக்கியே கடந்தவர். அதே மனிதர் 1921இல் சர்வதேச சங்கத்தின் அகதிகளுக்கான உயர் ஆணையாளரானார். நாடற்றவர்களுக்கென அவர் உருவாக்கிய பயணப் பத்திரமே 'நன்சன் கடவுச்சீட்டு'. 1922இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிட்டியது. பனிச்சறுக்கை உலகறியச் செய்தவரும், அகதி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஓர் இடம் தேடியவரும் ஒருவரே.

இந்நாட்டுக்குத் தமிழர் வந்த வரலாறும் சிறியதன்று. 1956இல் யாழ்ப்பாணத்து அன்ரனி இராஜேந்திரம் வந்தார். 1967இல் 'சீ-நோர்' மீன்பிடித் திட்டத்துக்கு வழி செய்தார். அந்தத் தொடர்பின் வழியே எண்பதுகளில் மக்கள் உயர்பள்ளிகளுக்கு மாணவர்களாகப் பலர் வந்தனர். போர் மூண்டபின் அகதிகளாக வந்தனர். உள்ளூரார் நாடாத மீன் தொழிற்சாலை வேலைகளை வடகோடியில் ஏற்றுக்கொண்டனர்.

இவற்றையெல்லாம் கோப்பிக் கடையின் யன்னலோரம் இருந்து அத்தானுக்குச் சொன்னேன். நன்சனின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. நோர்ஹெய்மின் கதை தெரிந்திருக்கவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்த மனிசன் ஊருக்குத் திரும்பிப் போகவேயில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை அத்தான்" என்றேன்.

வெளியே பேத்தி விழுந்தாள்; எவரும் தூக்குமுன் தானே எழுந்து, பனியைத் தட்டிவிட்டு, மறுபடி நகரும் பட்டையை நோக்கிப் போனாள். அத்தான் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து அவளோடு வரிசையில் நின்றார். கட்டை எதுவும் வாடகைக்கு எடுக்கவில்லை. ஆனால் அந்தக் குன்றின் உச்சிவரை அன்றுதான் முதன்முதலாக ஏறினார்.