நூற்றுப்பத்து வோல்ட்டின் நிழல்

கடல் கடந்து குடிபெயர்வோர் வீட்டில் பெட்டி கட்டும் நாள்களில் தவறாமல் எழும் ஒரு வினா உண்டு. மிக்சியை எடுத்துச் செல்வதா, தொலைக்காட்சியை விற்றுவிடுவதா, பாட்டு கேட்கும் கருவியை யாரிடமாவது ஒப்படைத்துச் செல்வதா? உறவினர் ஆளுக்கொன்று சொல்வர். நம்மிடம் பயின்று அயல்நாடு செல்லும் மாணவர்களும் விடைபெற வரும்போது இதனைக் கேட்பதுண்டு. தமிழாசிரியரிடம் கேட்கத் தகுந்த வினாவா இது என்று அவர்கள் எண்ணுவதில்லை. விடையோ கருவியின் முதுகில் ஒட்டிய சிறு தகட்டில் எழுதப்பட்டிருக்கிறது: இத்தனை வோல்ட், இத்தனை ஹெர்ட்ஸ். அந்த இரண்டு எண்களுக்கும் பின்னால் நூற்றுநாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் எடிசன் தம் மின்நிலையத்தை இயக்கினார். தொடக்கத்தில் எரிந்தவை ஏறத்தாழ 400 விளக்குகள். அன்றைய கரியிழை விளக்குகள் நூறு வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தில்தான் நெடுநாள் நிலைத்தன. கம்பியில் இழக்கப்படும் அழுத்தத்தையும் ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஆகவே நூற்றுப்பத்து. அது நேர்திசை மின்னோட்டம்; ஒரு மைல் தொலைவுக்கு மேல் பயனுறக் கொண்டுசெல்ல இயலாதது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமும் டெஸ்லாவும் முன்வைத்த மாறுதிசை மின்னோட்டம் பத்தாண்டுகளுக்குள் எடிசனின் முறையை வென்றுவிட்டது. எனினும் வென்றவர் தோற்றவரின் எண்ணை மாற்றவில்லை. நூற்றுப்பத்துக்கான விளக்குகள் ஏற்கெனவே வீடுகளில் தொங்கிக்கொண்டிருந்தன அல்லவா?

ஐரோப்பா பின்னால் வந்தது. அதனால் ஆதாயம் பெற்றது. அழுத்தத்தை இருமடங்காக்கினால் அதே ஆற்றலுக்குக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பாதியாகும். வெப்பமாக வீணாவது நாலில் ஒன்றாகும். செம்பு விலையுள்ள பொருள். இருநூறு வோல்ட்டைத் தாங்கும் விளக்குகள் வந்தபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லின் நகர மின்நிறுவனம் 220-க்கு மாறியது. பிரிட்டனும் இருநூறுக்கு மேற்பட்ட அழுத்தங்களையே பெரிதும் நாடியது. அதன் வழியே அவ்வழக்கம் நம் நாட்டுக்கும் வந்தது. முதலில் விளக்கேற்றிய நாடு இன்றுவரை 120 வோல்ட்டில் நிற்க, பிந்தி வந்தவர்கள் 230-இல் இருக்கிறார்கள். முன்னோடியின் சுமை என்று இதனைச் சொல்லலாம்.

பின்னால் மாற்ற இயலாதா என்றால், இயலும் என்று காட்டியது தென்கொரியா. ஜப்பானிய ஆட்சிக்காலம் விட்டுச்சென்ற தாழ்ந்த அழுத்தத்தை விடுத்து 220-க்கு மாறும் பணியை 1973-இல் தொடங்கி 2005-இல் முடித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! இடைப்பட்ட காலத்தில் கொரியர் தம் சொந்த வீட்டிலேயே அயல்நாட்டுக்குக் குடிபெயர்ந்தவரைப் போல மின்மாற்றிப் பெட்டியோடு வாழ்ந்தனர்.

இரண்டாவது எண் அலைவெண். மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் அலைகிறது என்பது. வெஸ்டிங்ஹவுஸ் 60 என்று கொண்டது, ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 50 என்றது. இரண்டும் அவரவர் வசதிக்குக் கொண்ட எண்களே. ஆயினும் அவ்விரு எண்களுக்கிடையே ஒரு நாடே பிளவுண்ட கதை உண்டு. டோக்கியோ மின்விளக்கு நிறுவனம் 1895-இல் ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் எந்திரங்களை வாங்கியது. சிறிது காலத்திற்குள் ஒசாகா நகரத்தார் அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் எந்திரங்களை வருவித்தனர். இரு நகர்களைச் சுற்றியும் மின்வலைகள் வளர்ந்து, நாட்டின் நடுவே ஃபுஜி ஆற்றையொட்டி ஒன்றையொன்று முட்டி நின்றன. இன்றும் ஜப்பானின் கிழக்கு 50, மேற்கு 60. ஒருகாலத்தில் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு மாற்றலாகிச் சென்றவர் கடல் கடக்காமலே நம் மாணவர்களின் வினாவைக் கேட்க வேண்டியிருந்தது: சலவை எந்திரத்தை எடுத்துச் செல்லலாமா?

இவ்வேடிக்கை 2011 மார்ச் 11-க்குப் பின் வேடிக்கையாக இல்லை. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கிழக்கின் மின்நிலையங்களை முடக்கின. மேற்கிலிருந்து மின்சாரம் அனுப்ப வேண்டுமெனில் அலைவெண் மாற்றும் நிலையங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும். 1965-இல் சக்குமாவில் அமைந்த முதல் நிலையம் உட்பட அவற்றின் மொத்தத் திறன் அன்று சுமார் 10 லட்சம் கிலோவாட் மட்டுமே. டோக்கியோ வட்டாரத்தில் முறைவைத்து மின்தடை செய்தனர். 1890-களில் இரு வணிகர் குழாம் இரு வேறு கப்பல்களில் வருவித்த எந்திரங்களின் விளைவு இது.

அலைவெண் மாறினால் வீட்டுக் கருவிக்கு என்ன நேரும்? மின்னலையின் துடிப்பை எண்ணி ஓடும் பழைய மின்கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 60-க்குச் செய்த அமெரிக்கக் கடிகாரத்தை மின்மாற்றியின் துணையோடு சென்னையில் ஓடவிட்டால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. இதனை அறியாது ஏமாந்தோர் பலர்.

இசைத்தட்டுக் கருவியின் கதை இன்னும் சுவையானது. இங்கு 50-க்குச் செய்த கருவியை 60 உள்ள நாட்டுக்குக் கொண்டு சென்றால், தட்டு ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் விரைந்து சுழலும். சுருதியும் அதே விகிதத்தில் ஏறும். 6/5 என்பது இசை அறிந்தோர்க்குப் புதிய எண்ணன்று. ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி அது. ஒரு கட்டைச் சுருதியில் பாடியவர் இரண்டரைக் கட்டையில் பாடுவார். விளம்பகாலம் மத்திமகாலத்தை நோக்கி நகரும். இதற்கென்றே தயாரிப்பாளர்கள் 50-க்கு ஒன்றும் 60-க்கு ஒன்றுமாக வெவ்வேறு அளவில் சிறு கப்பிகளைச் செய்து விற்றனர். விரலளவுள்ள அந்தப் பித்தளைத் துண்டை மாற்றினால் பாடகர் தம் சுருதிக்கு மீள்வார்.

இனி பிளக்கின் கதை. 1918-இல் இலண்டன் மாநகரில் மட்டும் 70 மின்வழங்கு அமைப்புகளும் 10 அலைவெண்களும் 24 மின்னழுத்தங்களும் இருந்தன. ஒரே நகரத்தில் தெரு மாறிக் குடிபோனாலும் சிக்கல்தான். 1926-ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தொடர்ந்து எழுந்த தேசிய மின்வலையும் அந்தக் காட்டை ஒழுங்குசெய்தன. நாம் இன்றும் வீட்டில் செருகும் உருண்டைக்கால் பிளக் 1930-களின் பிரிட்டிஷ் தரத்தின் வழிவந்தது. போர்க்காலத்தில், போருக்குப் பின் கட்டவிருந்த வீடுகளுக்காக, இருபதுபேர் கொண்ட குழுவொன்று புதியதைத் திட்டமிட்டது. அதில் ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட் என்னும் பொறியாளர். செம்பைச் சிக்கனமாக்க வளையச்சுற்று, அதனால் பிளக்கினுள்ளேயே உருகி, குழந்தைகளின் விரல் போகாதபடி துளைகளை மூடும் தடுப்பு. இச்சதுரக்கால் பிளக்குக்கான தரம் வெளியான ஆண்டு 1947.

ஆண்டைக் கவனியுங்கள். அவ்வாண்டில் நாம் விடுதலை பெற்றோம், உருண்டைக்காலோடு நின்றுவிட்டோம். பின்னரும் பிரிட்டிஷ் கொடியின் கீழோ செல்வாக்கின் கீழோ இருந்த மலாயா, சிங்கப்பூர், ஹாங்காங், வளைகுடாச் சிற்றரசுகள் ஆகியன சதுரக்காலை ஏற்றன. ஆகவே நம் 15 ஆம்பியர் பிளக் தமிழர் வாழும் டர்பன் நகரில் செருகும். தமிழர் வாழும் கோலாலம்பூரில் செருகாது. பேரரசு எந்த ஆண்டில் எங்கிருந்து வெளியேறியது என்பதைச் சுவரிலுள்ள துளையே சொல்லிவிடுகிறது. உருண்டைக்காலோடு விடுதலை பெற்ற இலங்கையும் 2016-இல் சதுரக்காலையே தேசியத் தரமாகத் தேர்ந்துகொண்டது.

வளைகுடாவில் இன்னொரு பேரரசின் சுவடும் தெரியும். துபாயில் 50 ஹெர்ட்ஸ், சதுரக்கால். அமெரிக்க எண்ணெய்ப் பொறியாளர்கள் வந்திறங்கிய சவூதி அரேபியாவில் 60 ஹெர்ட்ஸ். வீடுகளில் நெடுநாள் 127 வோல்ட். 2010-இல்தான் 230-க்குப் படிப்படியாக மாற அந்நாடு முடிவெடுத்தது. வளைகுடா நாடுகளின் மின்வலைகளை 2009-இல் இணைத்தபோது சவூதியின் எல்லைக்குள் அலைவெண் மாற்றும் பெருநிலையம் ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது. துபாயிலிருந்து ரியாத்துக்கு வேலை மாறிய நம்மூர்த் தொழிலாளி தம் மேசைவிசிறியைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனதன் காரணம் இதுவே.

அத்தொழிலாளர்கள் ஊர் திரும்பும்போது சுமந்துவந்த பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970, 80-களில் டூ-இன்-ஒன்னும் வீடியோ பெட்டியும் இல்லாமல் வந்த ‘வெளிநாட்டுக்காரர்’ அரிது. 1982-இல் இந்தியத் தொலைக்காட்சி வண்ணம் பூண்டபோது ஜெர்மானியப் பால் முறையை ஏற்றது: 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். அமெரிக்க முறையில் 525 வரிகள், 30 படங்கள். ஏன் 25, ஏன் 30? ஐம்பதில் பாதி, அறுபதில் பாதி. மின்சாரத்தின் துடிப்போடு படத்தின் துடிப்பு ஒத்துப்போகாவிடில் திரையில் கருவரிகள் ஊர்ந்ததால், தொலைக்காட்சியை வகுத்தவர்கள் மின்வலையின் எண்ணைப் பின்பற்றினர். அமெரிக்காவிலிருந்து ஆசையோடு கொண்டுவந்த பெட்டி இங்கே படம் காட்டாததற்கு வேர் 1890-களில் இருக்கிறது. பிறகு வந்த டி.வி.டி.யில் அத்தகைய இயற்பியல் காரணம்கூட இல்லை. உலகை வணிகத்துக்காகக் கூறுபோட்டு, இந்தியத் துணைக்கண்டத்தை ஐந்தாம் மண்டலத்திலும் சிங்கப்பூரை மூன்றாம் மண்டலத்திலும் வைத்தனர். முதல் பிரிவினை தற்செயல். இது வேண்டுமென்றே செய்தது. நம் சினம் இரண்டாவதன் மேல்தான்.

எடுத்துச் செல்வதா என்னும் வினா எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும். 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து வெளியேறியோரில் பெரும்பாலோர்க்குப் பெட்டி கட்டும் நாளே கிடைக்கவில்லை. வானொலிப் பெட்டியை விட்டுச்சென்ற வீட்டுக்கு மீண்டும் போக இயலாதவர்கள் அவர்கள்.

அடுப்படிக்கு வருவோம், வினா அங்கிருந்துதானே எழுகிறது. 1960-களின் தொடக்கத்தில் மும்பையில் மாதுரி மாத்தூர் என்னும் இல்லத்தரசி பயன்படுத்திய ஜெர்மானிய மிக்சி நம் மசாலாவையும் பருப்பையும் அரைக்க மாட்டாமல் எரிந்துபோனது. பொறியாளரான அவர் கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர் அதனினும் வலிய மோட்டாரைக் கொண்டு செய்ததே ‘சுமீத்’ மிக்சி. வோல்ட்டும் ஹெர்ட்ஸும் ஒத்துப்போனாலும் சமையல் ஒத்துப்போக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. மேலைநாட்டு மிக்சி பழச்சாற்றுக்காகப் பிறந்தது. ஊறவைத்த உளுந்தை அது அறியாது. நம் மிக்சியைச் சுமந்துசெல்லும் அன்னையரைக் கேலி செய்வோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே கேட்கும் மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். மடிக்கணினி, கைப்பேசி ஆகியவற்றின் மின்னேற்றியில் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும். எந்த நாட்டுக்கும் அஞ்சாமல் எடுத்துச் செல்லலாம், பிளக்கின் வடிவம் மட்டுமே மாற வேண்டும். இஸ்திரிப்பெட்டி போன்று வெப்பம் தருபவற்றை விட்டுச்செல்க. அவற்றுக்கேற்ற மின்மாற்றி அவற்றைவிடக் கனமும் விலையும் உடையது. சிங்கப்பூருக்கோ இலண்டனுக்கோ எனில் மிக்சி அப்படியே ஓடும். அமெரிக்காவுக்கெனில் அந்நாட்டு வோல்ட்டுக்கென்றே இங்குச் செய்யப்படும் மிக்சியை வாங்குக. கோவை கிரைண்டரில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதன் மோட்டார் அலைவெண்ணுக்குக் கட்டுப்பட்டது. மின்மாற்றியில் மாட்டினாலும் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடியது 1730-ஐ நெருங்கும், முறுக்குவிசையோ குறையும். நண்பர் ஒருவரின் தாயார் நியூஜெர்சிக்குக் கொண்டு சென்ற கிரைண்டர் அவ்வாறுதான் சுற்றியது. மாவு சூடேறிப்போனது என்று தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் எட்டு ஆண்டுகள் அதிலேதான் அரைத்தார்.