பிக்கிள் என்னும் சொல்லின் பிறப்பு

ஆங்கிலத்தார் ஊறுகாய்க்கு வழங்கும் 'பிக்கிள்' என்னும் சொல்லைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. நெதர்லாந்துக் கடற்கரையில் உள்ள பியர்விலீட் என்னும் ஊரில் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த வில்லெம் பூக்கெல்சூன் என்னும் மீனவர், ஹெர்ரிங் மீனின் செவுளையும் குடலையும் களைந்து, உப்பிட்டு மரப்பீப்பாயில் அடைக்கும் முறையைக் கண்டனர் என்பர். அவர் பெயரே அவ்வுப்புநீர்க்கும் ஆயிற்றாம். பேரரசர் ஐந்தாம் சார்லசு 1556-இல் அவர்தம் கல்லறையைச் சென்று கண்டார் என்பதும் இக்கதைக்கு ஏற்றம் தந்தது. அகராதி தொகுத்த கிளைன் என்பாரும் இக்கருத்தைச் சுட்டியுள்ளார்.

இதனை யாம் ஏற்றற்கில்லை. அம்மீனவர் இறந்த ஆண்டு 1347 என்பாரும் 1397 என்பாரும் உளர். அஃது ஒருபுறம் நிற்க. டச்சு மொழியில் உப்புநீரைக் குறிக்கும் சொல் 'பேக்கெல்' என்பது. அதன் முதலொலி ஒலிப்பிலாப் பகரம்; மீனவர் பெயரின் முதலொலியோ ஒலிப்புடைய பகரம். நம் நெடுங்கணக்கில் இரண்டற்கும் ஓரெழுத்தே ஆதலின் இவ்வேறுபாடு நமக்கு எளிதிற் புலப்படாது. ஆயின் டச்சு மொழியில் அவை பொருள் வேறுபடுத்தும் இருவேறு ஒலிகளாம். ஒன்று மற்றொன்றாகத் திரிந்தமைக்குக் காரணம் காட்டினார் இலர்.

பொருள் வரலாறும் கதைக்குத் துணை நிற்கவில்லை. ஆங்கிலத்தில் இச்சொல் முதன்முதல் காணப்படுவது 1400-ஐ ஒட்டி எழுந்த, ஆர்தர் மன்னன் இறப்பைப் பாடும் மோனைப் பாட்டொன்றில். ஆண்டு ஓர் அரக்கன் சிறுவர் எழுவரை நறுக்கி வெள்ளித் தட்டில் இட்டு உண்கின்றான். அவ்வூனுக்குத் தொடுகறியாக வரும் காரச்சாறே 'பிக்கிள்'! மீனும் இல்லை, பீப்பாயும் இல்லை. மீனவர் தொழிலிற் பிறந்த சொல்லாயின் முதல் ஆட்சி இவ்வாறு அமைதல் அரிது. குத்துதல் என்னும் பொருளுடைய வேரினின்று, நாவைக் குத்தும் சுவை பற்றி இது பிறந்தது என்பாரும் உளர். முடிந்த முடிபு அன்றாயினும், அதுவே பொருத்தமுடைத்து எனக் கருதுகின்றோம்.

பின்னர் இச்சொல் காய்கறி ஊறும் உப்புநீரையும் புளிக்காடியையும் குறித்து, அதன்பின் அந்நீரில் ஊறிய பொருளுக்கே ஆகிவந்தது. அமெரிக்காவில் இன்று வாளா 'பிக்கிள்' என்றால் ஊறிய வெள்ளரிப் பிஞ்சே. ஊறுகாய் என்னும் நம் சொல் வினையாலும் காயாலும் அமைந்தது; அதற்கு இம்மாற்றம் வேண்டாவாயிற்று. ஆயினும், பெரும்பாணாற்றுப்படையில் மாவடு ஊறுகாயைக் குறிக்க வரும் 'காடி' என்பது, புளித்த நீருக்கும் பெயராக வழங்குதல் காண்க.