கடைத் தட்டும் சிறார் பார்வையும்: தோட்டப்புறச் சட்ட வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே புகையிரதப் பாதையில் அமைந்த றொசல்ல போன்ற தோட்டப்புற ஊர்களில் கடை என்பது பெரும்பாலும் பல சரக்கும் ஒருங்கே விற்கும் ஒற்றை அறையே. அரிசி நிறுக்கும் தராசுக்கு மேலேயே சிகரெட்டும் வார இதழும் காட்சிதரும். முதியோர்க்குரியனவற்றைச் சிறார் கண்ணினின்று மறைத்தல் என்னும் கோட்பாடு இத்தகைய கடையை எவ்வாறு அணுகியது என்பதே நாம் ஈண்டு நோக்கப் புகுவது.

1923 இல் ஜெனீவாவில் உருவான சர்வதேச உடன்படிக்கையைத் தொடர்ந்து, இலங்கையில் 1927 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. அது ஆபாசத்தை யாவர்க்கும் விலக்கியது. சிறுவர், பெரியோர் என்ற பாகுபாட்டை அடிப்படையாகக் கொண்டதன்று. விலக்கப்பட்டதை மறைத்துவைக்குமாறு விதிக்க வேண்டியதில்லையன்றோ?

சிறுவரைத் தனியே கருதிய சட்டம் 1956 இலேயே தோன்றியது. அமெரிக்கப் பயங்கரப் படக்கதைகளுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1955 இல் இங்கிலாந்து ஒரு சட்டம் இயற்றிற்று. மறு ஆண்டிலேயே இந்தியாவும் (93 ஆம் இலக்கம்) இலங்கையும் (48 ஆம் இலக்கம்) அவ்வழிச் சென்றன. இலங்கைச் சட்டம், 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டுக்குரியது என்பது குறிக்கற்பாலது. 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்கும் இழந்திருந்த தோட்டத் தொழிலாளர் பெரும்பான்மையோர்க்கு அப்பாராளுமன்றத்தில் பிரதிநிதி இல்லை. அவர்தம் பிள்ளைகளைக் காக்க முனைந்த சட்டம் அவர்களைக் கேளாமலே வந்தது என்று கூறுதல் மிகையாகாது.

பொருளை விலக்காது பார்வையை மட்டும் மறைக்கும் முறை பிறநாடுகளிலேயே வளர்ந்தது. முதியோர் வாங்கத்தக்க நூலையும் சிறுவர்க்கு விற்காது தடுக்கலாம் என 1968 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கின்ஸ்பேர்க் வழக்கில் தீர்த்தது. 1980களில் மினியாபொலிஸ் நகரசபை அத்தகு இதழ்களின் அட்டையை மறைக்குமாறு விதித்தது. இங்கிலாந்தின் 1981 ஆம் ஆண்டுச் சட்டம் அநாகரிகக் காட்சிப்படுத்தலையே குற்றமாக்கியது.

நம் நாட்டில் இதற்கு நெருங்கி வருவது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம். அது 21 வயதிற்குட்பட்டோர்க்கு விற்றலைத் தடுத்தது, விளம்பரத்தையும் விலக்கியது. சுவரொட்டி அகன்றது, பெட்டி தட்டிலேயே இருந்தது. 2015 ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பெட்டியின் 80 வீதப் பரப்பை எச்சரிக்கைப் படத்துக்கு ஒதுக்கியமை, மறைப்பதற்கு மாறாக, காட்சியையே எச்சரிக்கையாக மாற்றிய உத்தி எனலாம்.

இனி, உள்ளூராட்சி. கிராமிய மன்றங்களில் தோட்டத் தொழிலாளர் வாக்கு 1930களின் பிற்பகுதியிலேயே மறுக்கப்பட்டது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலும் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு இடையூறாய் நின்றது. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. கடைத் தட்டைப் பற்றித் துணைவிதி செய்யவல்ல மன்றம் லயத்து மக்களுக்கு நெடுங்காலம் அயலதாகவே இருந்தது.

ஒன்று எஞ்சுகிறது. மறைத்தல் பற்றிய விதிகளனைத்தும் சிறுவனைக் கடையில் வெறும் பார்வையாளனாகவே கொள்கின்றன. தோட்டத்திலோ, மாலையில் தந்தைக்குச் சுருட்டு வாங்கக் கடைக்கு ஓடுபவன் அவனே. 2006 ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குவோனின் வயதையே நோக்குகின்றது. அவன் யாருக்காக வாங்குகிறான் என்பதையன்று. அவ்வகையில் தோட்டத்துச் சிறுவனின் உண்மை நிலையைத் தொட்ட முதற் சட்டங்களுள் ஒன்றாக அதனை நாம் கருதுகின்றோம்.