குஷிங் நோய் என ஐயமா? ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள்

பல வாரங்களாகவோ மாதங்களாகவோ ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவரின் முகம் உருண்டு உப்பி, வயிறு பெருத்து, கை கால்கள் மெலிந்துகொண்டே வந்தால், அது குஷிங் நோயாக இருக்கலாம். இந்த ஐயம் எழுந்ததும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் பலர். அவ்வாறு செய்யாதீர்கள். நோயைவிட இந்தத் திடீர் நிறுத்தம் விரைவாக உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

நோய் எவ்வாறு உண்டாகிறது?

இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் நிலையாக வைத்திருக்கவும், காய்ச்சல், காயம் போன்ற நெருக்கடிகளை உடல் தாங்கவும் இந்த ஹார்மோன் இன்றியமையாதது. இதன் அளவு நீண்ட காலம் மிகுந்திருந்தால் குஷிங் நோய்க்கான அறிகுறிகள் தோன்றுகின்றன. மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஏற்படும் சிறு கட்டியால் இந்நிலை வருவதை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932இல் விளக்கினார். எனினும், கட்டியால் வருவது அரிது. வெளியிலிருந்து உடலுக்குள் செல்லும் ஸ்டீராய்டு மருந்துகளே பெரும்பான்மையோருக்குக் காரணம்.

ஆஸ்துமா, முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் ப்ரெட்னிசோலோன் மாத்திரை அவசியமானது. பல உயிர்களைக் காத்துவரும் மருந்து அது. சிக்கல் பெரும்பாலும் வேறிடத்தில் தொடங்குகிறது. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'சின்ன மாத்திரை'யில் டெக்சாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ இருக்கலாம். பெயர் ஒட்டாத பொட்டலங்களில் விற்கப்படும் சில வலிநிவாரணப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலக்கப்படுவதுண்டு. படர்தாமரைக்கும் முகம் வெளுப்பதற்கும் மாதக்கணக்கில் பூசும் சில களிம்புகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. பொடி சாப்பிட்ட மறுநாளே பல ஆண்டு வலி பறந்துவிட்டதென்றால், மகிழ்வதற்கு முன் சற்று ஐயப்படுங்கள்.

அறிகுறிகள்

தொடக்கத்தில் முகம் பூரித்து, உடல் சதை போடும். உறவினர்கள் 'உடம்பு தேறிவிட்டது' என்று பாராட்டுவதால், நோய் பல மாதங்கள் கவனிக்கப்படாமல் போகிறது. பிடரியின் கீழ் கொழுப்புத் திரளும். தோல் மெலிந்து, இலேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகும். வயிற்றிலும் தொடையிலும் ஊதா நிறத்தில் அகன்ற வரிகள் தோன்றும். தரையில் குந்தி உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாவிட்டால் தொடைத் தசைகள் வலுவிழந்துள்ளன என்று பொருள். சாதாரண உடல் பருமனிலிருந்து இந்நோயைப் பிரித்தறிய இது நல்ல அடையாளம். புதிதாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் வரலாம். எலும்பு பலவீனமடையும், உறக்கம் கெடும், மனநிலை மாறும். குழந்தை எடை கூடிக்கொண்டே போக, உயரம் மட்டும் வளராமல் நின்றுவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏன் உடனே நிறுத்தக் கூடாது?

வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து வரும்போது, அட்ரீனல் சுரப்பிகள் தம் பணியைக் குறைத்து ஏறக்குறைய உறங்கிவிடுகின்றன. மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் மருந்து எடுத்த எவருக்கும் இது நேரலாம். அந்நிலையில் மருந்தை நிறுத்தினால் உடலுக்குத் தேவையான கார்டிசால் எங்கிருந்தும் கிடைக்காது. கடும் சோர்வு, வாந்தி, வயிற்று வலி, எழுந்து நின்றால் மயக்கம், குழப்பமான பேச்சு ஆகியவை தோன்றினால் அது அவசரநிலை. உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள். நோயாளி ஸ்டீராய்டு எடுத்துவந்தவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் உப்புநீர்ச் சலைனும் உரிய நேரத்தில் கிடைத்தால் அவரைக் காப்பாற்றிவிடலாம்.

மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். சுரப்பிகள் முழுமையாக விழித்தெழச் சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். குறைக்கும் காலத்தில் உடல் வலியும் அசதியும் இருக்கும். இதனைப் பழைய நோய் திரும்பிவிட்டதாக எண்ணி மீண்டும் பொடியை நாடுபவர்கள் உண்டு. வீட்டார் இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் தடுக்க முடியும்.

பரிசோதனைக்குச் செல்லும்போது

வீட்டில் உள்ள மாத்திரை, பொடி, களிம்பு, இன்ஹேலர், மூட்டில் போட்ட ஊசியின் சீட்டு என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதையும் மறைக்க வேண்டாம். மருத்துவர் உங்களைக் கடிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. ஸ்டீராய்டு எடுப்பதை மறைத்தால் பரிசோதனை முடிவுகள் தவறான வழியில் இட்டுச் செல்லும்.

வெளி மருந்து எதுவும் இல்லையென உறுதியானால், இரவு 11 மணியளவில் 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொடுத்து மறுநாள் காலை 8 மணியளவில் இரத்தத்தில் கார்டிசால் அளவு பார்க்கப்படும். 24 மணி நேரச் சிறுநீரையோ நள்ளிரவு உமிழ்நீரையோ சோதிப்பதும் உண்டு. கருத்தடை மாத்திரை, வலிப்பு மருந்து, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை முடிவைப் பாதிக்கும் என்பதால் அவற்றையும் முன்பே தெரிவியுங்கள். இரவுப் பணி செய்பவர்களும் அதைச் சொல்ல வேண்டும். கட்டி கண்டறியப்பட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே முதல் வழி.

பராமரிப்பாளர்களுக்கு

நோயாளிக்குத் தொற்று எளிதில் பற்றும். காய்ச்சல் மட்டுப்பட்டே தெரியலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள். அம்மை கண்டவர்களிடமிருந்து விலக்கி வையுங்கள். காய்ச்சல், விபத்து, பல் பிடுங்குதல், அறுவை சிகிச்சை ஆகிய நேரங்களில் ஸ்டீராய்டு அளவைத் தற்காலிகமாகக் கூட்ட வேண்டியிருக்கும்; எவ்வளவு என்பதை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் மறுவேளைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய அட்டை எப்போதும் நோயாளியின் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும்.