ஜாவா ஓடையை அடைப்பது யார்? ஒரு குட்டி வரலாறு

ஸ்ட்ரீம் என்றால் ஓடை. எங்கள் ஜவளகிரிப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மடையைத் திறந்தவர்தான் அடைக்கவும் வேண்டும். மறந்தால் பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வருவார். ஜாவாவில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வழி பிறக்க பதினைந்து வருடம் ஆனது. அந்தக் கதைதான் இது.

1996 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவா 1.0-ஐ வெளியிட்டபோதே இன்புட்ஸ்ட்ரீம் இருந்தது. ரீட்() ஒவ்வொரு பைட்டாகத் தரும். தீர்ந்ததும் -1 தரும். பிறகு க்ளோஸ்() அழைப்பது நம் பொறுப்பு.

கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். அது எப்போது வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதற்குள் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கக்கூடிய ஃபைல்களின் எண்ணிக்கை தீர்ந்துவிடும். லினக்ஸில் வழக்கமாக இது 1024. அப்புறம் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்ற பிழைதான். லேப் புரோகிராம் ஒரு நொடியில் முடிந்து எல்லாம் தானாக மூடப்படுவதால் நமக்கு இது தெரிவதில்லை. இரவு பகலாக ஓடும் சர்வரில்தான் வெடிக்கும்.

சரி, ஃபைனலி பிளாக்கில் க்ளோஸ்() எழுதினால் போதாதா? க்ளோஸ்() கூட எக்ஸெப்ஷன் வீசும்! இரண்டு ஸ்ட்ரீம் இருந்தால், முதலாவதை மூடும்போது பிழை வந்து இரண்டாவது திறந்தே கிடக்கும். முதலில் நடந்த உண்மையான பிழையும் மறைந்துபோகும்.

இதில் சறுக்கியவர்கள் மாணவர்கள் மட்டுமல்ல. ஜாவா லைப்ரரிகளை வடிவமைத்தவர்களில் ஒருவர் ஜோஷுவா பிளாக். 2007-ல் ஜாவாவின் சொந்த லைப்ரரிகளிலேயே க்ளோஸ்() வந்த இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு தவறு என்று அவர் எழுதியிருக்கிறார். அவரும் நீல் காஃப்டரும் 2005-ல் எழுதிய 'ஜாவா பஸ்லர்ஸ்' புத்தகத்தின் 88-ம் பக்கத்திலும் இதே தவறு. பல வருடம் யாரும் கவனிக்கவில்லையாம்!

இவ்வளவு பேர் தவறினால் குறை ஆளிடம் இல்லை, மொழியில்தான். பிளாக் முன்மொழிந்த தீர்வு 2011 ஜூலையில் ஜாவா 7-ல் வந்தது: ட்ரை-வித்-ரிசோர்சஸ். ட்ரை பக்கத்திலுள்ள அடைப்புக்குறிக்குள் ஸ்ட்ரீமைத் திறந்தால், கடைசியாகத் திறந்ததிலிருந்து ஒவ்வொன்றாக ஜாவாவே மூடிவிடும். முதல் பிழை மறையாது. மூடும்போது வந்த பிழை 'சப்ரஸ்டு' என்று அதோடு ஒட்டிக்கொண்டு வரும். கார்பேஜ் கலெக்டரை நம்பிய ஃபைனலைஸ்() முறையை 2017-ல் ஜாவா 9 'டெப்ரிகேட்டட்' என்று ஒதுக்கியது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிஸ்டம்.இன் நாம் திறந்த ஓடை அல்ல. அதை மூடினால், அதே புரோகிராமில் மறுபடி கீபோர்டிலிருந்து வாசிக்க முடியாது. திறந்தவரே மூடட்டும், நாம் திறக்காததில் கை வைக்க வேண்டாம். பழைய லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுதும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!