பெயரும் வரலாறும் தேடித்தந்த பெருமக்கள்

நிலத்திற்கு எல்லை உண்டு. அரசிற்குக் கொடி உண்டு. ஆயினும் இவை மட்டுமே ஒரு மக்கள் கூட்டத்தை ஓர் இனமாக ஆக்கிவிடுவதில்லை. ‘நாம் யார்? எவ்வாறு இந்நிலைக்கு வந்தோம்? இனி எங்கே செல்ல வேண்டும்?’ என்னும் வினாக்களுக்குத் தாமே விடை தேடத் தொடங்கும் நாளில்தான் ஒரு மக்கள் தம்மை அறிகின்றனர். அதற்கு நான்கு கருவிகள் வேண்டும்: தாமே இட்டுக்கொண்ட பெயர், தாமே எழுதிய வரலாறு, தம் குரலை ஒலிக்கும் இதழ், தம் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் பள்ளி. அறிஞர்கள் பண்பாட்டுத் தேசியம் என்று கூறுவது பெரும்பாலும் இந்நான்கின் வரலாறேயாகும்.

நம் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் பலர் தம் சமூகத்தின் பெயரைச் சாதிச் சான்றிதழில்தான் முதன்முதலாகப் படிக்கின்றனர். அப்பெயர் எவ்வாறு அத்தாளில் ஏறிற்று, அதற்காக உழைத்தவர் யாவர் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அதனைச் சொல்வது பொருத்தமாகும்.

பெயரைத் தேடியவர்

1845ஆம் ஆண்டு பிறந்த காத்தவராயன் என்னும் சிறுவர், தம் ஆசிரியரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டு அயோத்திதாசப் பண்டிதர் ஆனார். சித்த மருத்துவத்திலும் தமிழிலும் தேர்ந்த அவர், நமக்கு அண்மையிலுள்ள நீலகிரியில் நெடுங்காலம் வாழ்ந்தார். 1881ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது, தாழ்த்தப்பட்ட மக்களை ஆதித் தமிழர் எனப் பதிய வேண்டும் என வேண்டினார். 1891 டிசம்பர் 1ஆம் நாள் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை நடத்தினார்.

கணக்கெடுப்பில் ஒரு பெயரை மாற்றுவதால் வயிறு நிறையுமா என்று கேட்போர் உண்டு. ஆனால் அக்காலத்தில் அரசின் ஏட்டில் ஏறிய பெயரே ஒருவருக்குரிய தெருவையும் கிணற்றையும் வகுப்பறையில் அமரும் இடத்தையும் உறுதி செய்தது. பிறர் இழிவாக இட்ட பெயரை ஏற்பது அவ்விழிவையும் ஏற்பதாகும் எனப் பண்டிதர் கருதினார்.

1892இல் சென்னையில் கூடிய மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவுரிமை குறித்து அவர் கேட்டபோது எதிர்ப்பே எழுந்தது. அதனைக் கண்டு அவர் வாய்மூடி அமரவில்லை. நான்காம் வகுப்பு வரையிலேனும் நம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், உழுதுண்ணப் புறம்போக்கு நிலமும் வேண்டும் எனக் கேட்டார். கோயிற்கதவு அடைபட்ட அவ்விடத்திலேயே பள்ளிக்கதவைத் தட்டிய அந்த அறிவு நாம் போற்றத்தக்கது.

வரலாறும் இதழும்

1898இல் அவர் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். இம்மக்கள் முன்னாளில் பௌத்தர்களாக இருந்தவர்கள். சாதியை ஏற்க மறுத்தமையால் தாழ்த்தப்பட்டவர்கள் என்பது அவர் கொள்கை. 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டிற்குப் பின் அது ‘தமிழன்’ ஆயிற்று. கோலார் தங்கவயலிலும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் உழைத்த தமிழரிடையே அவ்விதழும் சங்கமும் பரவின. பல ஊர்களில் சிதறிக் கிடந்த தொழிலாளர், ஒரே தாளைப் படித்ததனால் தம்மை ஒரே மக்களாக உணர்ந்தனர்.

பண்டிதர் கூறிய சொல்லாராய்ச்சிகள் அனைத்தையும் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டனர் எனக் கூறுதல் இயலாது. கல்வெட்டும் ஏடும் அகழாய்வும் கொண்டு அவற்றைச் சோதித்தல் வேண்டும். நம் பெருமைக்குப் பொய்யுரை எதுவும் தேவையில்லை. எனினும், ‘இழிவு பிறப்பில் வந்ததன்று, வரலாற்றில் ஒரு காலத்தில் சுமத்தப்பட்டது’ என்னும் அவருடைய அடிப்படைக் கருத்து பேராற்றல் உடையது. சுமத்தப்பட்டது எதுவாயினும் இறக்கி வைக்கப்படலாம் அன்றோ?

மற்றொரு வழி

பண்டிதருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் வேறு வழியில் சென்றார். அவர் கோயம்புத்தூர்க் கல்லூரியில் பயின்றவர். அங்கு ஏறத்தாழ 400 மாணவர்களுள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர்கள் எனவும், தம் சாதி வெளிப்படும் என அஞ்சிப் பிறருடன் பழகாது ஒதுங்கியிருந்ததாகவும் தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். அவ்வாறு ஒளிந்து பயின்றவரே 1893இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். பண்டிதர் இழிபெயரை நீக்க முனைந்தார். சீனிவாசன் அதனையே நெற்றியில் எழுதி நிமிர்ந்து நின்றார். வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே. பின்னர் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அவர் அமர்ந்தார். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, பறையர், பஞ்சமர் என்னும் சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசாணையில் இடம்பெற்றது.

தைவான் காட்டும் ஒப்புமை

இத்தகைய முயற்சி நமக்கு மட்டும் உரியதன்று. சீனத்தை அடுத்துள்ள தைவான் தீவு 1895இல் ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கும் ஒரு மருத்துவரே முன்வந்தார். சியாங் வெய்-சுய் என்னும் அவர் 1921இல் தோழர்களுடன் தைவான் பண்பாட்டுக் கழகத்தை நிறுவினார். தைவானையே ஒரு நோயாளியாகக் கருதி, மருத்துவர் எழுதும் நோய்க்குறிப்பைப் போல ஒரு கட்டுரை எழுதினார். நோய், அறிவு ஊட்டமின்மை. மருந்து, பள்ளியும் நூலகமும் செய்தித்தாள் படிக்கும் மன்றமும். நம் பண்டிதரும் மருத்துவர், அவரும் மருத்துவர். இருவரும் எழுதிய மருந்தும் ஒன்றாக இருப்பது வியப்பளிக்கிறது.

பின்னர் வந்த ஆட்சியிலும் தைவான் மாணவர்கள் தம் தீவின் வரலாற்றைவிடச் சீனப் பெருநிலத்தின் வரலாற்றையே மிகுதியாகப் பயின்றனர். 1949 முதல் நிலவிய இராணுவச் சட்டம் 1987இல் நீங்கிய பின்னரே நிலைமை மாறிற்று. 1997இல்தான் ‘தைவானை அறிதல்’ என்னும் தனிப் பாடநூல் நடுநிலை வகுப்புகளுக்கு வந்தது. தன் மண்ணின் கதை பாடநூலில் ஏறுவதற்கு ஒரு மக்கள் அத்துணைக் காலம் காத்திருந்தனர்.

தைவானில் மற்றொரு பாடமும் உண்டு. ‘நாம் தைவானியர்’ என்று பெரும்பான்மையோர் பேசியபோது, அத்தீவின் தொல்குடியினர் ‘மலைவாசிகள்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டு ஒதுங்கியே இருந்தனர். அவர்கள் போராடிய பின், 1994இல் அந்நாட்டு அரசமைப்பு அவர்களை ஆதிக்குடியினர் எனக் குறித்தது. பெரிய பெயர் ஒன்றன் நிழலில் சிறியோர் மறைந்துபோதல் எங்கும் நிகழ்வதே.

குடைக்குள் இருப்போர்

நம்மிடத்தும் அந்நிலை உண்டு. ஆதிதிராவிடர் என்னும் பெயர் அனைவரையும் அணைத்ததாக எண்ணினோம். ஆனால் கொங்கு நாட்டில் பெருந்தொகையினராக வாழ்ந்து, தோல் தொழிலும் பண்ணை வேலையும் துப்புரவுப் பணியும் செய்த அருந்ததியர், கல்வியிலும் அரசுப் பணியிலும் மிகவும் பின்தங்கியே இருந்தனர். 2009ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் சாதியினருக்குரிய 18 விழுக்காட்டினுள் அவர்களுக்கு 3 விழுக்காடு வழங்கியது. இத்தகைய உட்பிரிவு செல்லும் என 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. 2021இல் பள்ளர், குடும்பர் உள்ளிட்ட ஏழு பிரிவினர் தேவேந்திரகுல வேளாளர் என்னும் பொதுப்பெயரைச் சட்டத்தால் பெற்றனர். பெயர்ப் போராட்டம் பழங்கதையன்று என்பதற்கு இவை சான்று.

ஆகவே ஒற்றுமை என்பது, நம்முள் பின்தங்கியவரை மறைக்கும் போர்வையாக இருத்தலாகாது. அவரை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னே நடக்கும் பண்பே உண்மையான ஒற்றுமை.

இளைஞர்களுக்கு

அன்பிற்குரிய இளைஞர்களே! திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் கட்டிங்கிலும் ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் உங்கள் கைகள் நாள்தோறும் உழைக்கின்றன. நீங்கள் தைக்கும் ஆடையில் எவர் பெயர் பொறித்த லேபிள் ஏற வேண்டும் என்பதை எங்கோ இருப்பவர் முடிவு செய்கிறார். உங்கள் வாழ்வில் ஏற வேண்டிய பெயரையும் அவ்வாறே பிறரிடம் விட்டுவிடாதீர்கள். பத்தாம் வகுப்பைக்கூட முடிக்காமல் சனிக்கிழமைச் சம்பளத்தை நாடிப் பள்ளியை விட்டுச் செல்லும் ஒவ்வொரு சிறுவனோடும் நம் வரலாற்றை எழுத வேண்டிய ஒரு கையும் சென்றுவிடுகிறது.

பண்டிதரின் எழுத்துகள் பல்லாண்டு மறக்கப்பட்டுக் கிடந்து, 1999இல்தான் பெருந்தொகுதிகளாக மீண்டும் வெளிவரத் தொடங்கின. அச்சில் ஏறியவற்றுக்கே அந்நிலை எனின், அச்சேறாத நம் பாட்டன் பாட்டியரின் நினைவுகள் என்னாகும்? ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் தெருவில் முதன்முதல் பள்ளிக்குச் சென்றவர் யார், முதன்முதல் பொதுக்கிணற்றில் நீர் இறைத்தவர் யார், முதல் பட்டதாரிப் பெண் யார் எனக் கேட்டு, ஆண்டும் பெயரும் பிழையின்றி எழுதுங்கள். கேட்டதைக் கேட்டவாறும், ஐயமுள்ளதை ஐயம் என்றும் குறியுங்கள்.

பெயரை முன்னோர் பெற்றுத் தந்தனர். பள்ளிக்குச் செல்ல நம் சங்கம் 25 ஆண்டுகளாகத் துணை நிற்கிறது. வரலாற்றை எழுதும் பணி மட்டும் எஞ்சியுள்ளது. அது உங்களுடையது.